அவனாகத்தான் கழற்றினான்

ஐயா, உங்களிடம் ஒன்று கேட்கலாமா? நாற்பது பேர் நடுவே நிற்கும் ஒரு மனிதன், தன் உடம்பில் கிடக்கும் சட்டையைத் தானாகவே கழற்றிவிடும்படி நீங்கள் எப்போதாவது பேசியிருக்கிறீர்களா? அதட்டச் சொல்லவில்லை. கட்டளையிடச் சொல்லவில்லை. வெறுமனே பேசி. அவசரமாகப் பதில் சொல்ல வேண்டாம். இந்தப் பேருந்து கோபி போய்ச் சேர இன்னும் நேரம் இருக்கிறது. யோசித்துச் சொல்லுங்கள்.

எனக்குத்தான் நேரம் இல்லை. என் மைத்துனன் குழந்தைவேலின் மகள் சிந்துஜா, இன்று நாலரை மணிக்கு அவிநாசியில் தன் அப்பாவின் வீட்டுச் சாவியை, அந்த வீட்டை விலைக்கு வாங்கியவரிடம் கொடுத்துவிட்டு, விமான நிலையத்துக்குக் கார் ஏறுகிறாள். நியூஸிலாந்தில் இருக்கிறாள். “இனி இந்த ஊருக்கு வர எனக்கு என்னங்க மாமா வேலை இருக்குது?” என்று காலையில் கேட்டாள். தன்னை மன்னிக்காமலேயே அப்பா செத்துப்போனார் என்று நம்பிக்கொண்டு அவள் ஏறப்போகிறாள். அது உண்மையன்று. உண்மையன்று என்பது தெரிந்தவன் உலகத்தில் ஒருவன்தான். அவன் உங்களுக்குப் பக்கத்தில், ஜன்னலோரமாக உட்கார்ந்திருக்கிறான்.

என் பெயர் தெய்வசிகாமணி. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் முப்பத்திரண்டு ஆண்டுகள் செக்கிங் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கப்பலேறப் போகும் துணியில் ஒரு பீஸைக் கையில் எடுத்தால், கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே ஒரு தேய்ப்புத் தேய்ப்பேன். அவ்வளவுதான். தேறும், தேறாது என்று சொல்லிவிடுவேன். நான் தள்ளிய பீஸை எந்த முதலாளியும் திரும்பப் பெட்டியில் போட்டதில்லை. ஓய்வுக்குப் பிறகு மேடைகளில் பேசுகிறேன். நல்ல விஷயங்கள் மட்டும். எங்கள் மலையேற்றக் கழகத்துக்கு நான்தான் செயலாளர். நான் பேசினால் கூட்டம் அசையாமல் கேட்கும் என்பார்கள். பெருமைக்காகச் சொல்லவில்லை. இந்தக் கதைக்கு அது தேவைப்படுகிறது.

சட்டையைப் பற்றிச் சொல்கிறேன். கோடையில் மலை ஏறுவதற்கு ஒரு கம்பளிச் சட்டை என்றால் நீங்கள் சிரிப்பீர்கள். பாருங்கள், சிரிக்கிறீர்கள். நானும் சிரித்தேன். போன ஆண்டு பங்குனி முடிகிற சமயம், விடிந்த கையோடு, குளத்துக் கரையில் நடைப் பயிற்சிக்கு அதைப் போட்டுக்கொண்டு வந்து நின்றான் குழந்தைவேல்.

“என்ன மாப்பிள்ளை, காய்ச்சலா?” என்று கேட்டேன்.

“காய்ச்சலெல்லாம் இல்லீங்க மச்சான். தொட்டுப் பாருங்க.”

“கம்பளி அல்லவா இது!”

“கம்பளிதானுங்க. ஆனா வெயிலுக்கு. அந்த ஊருல வெயில் காலத்துல மலை ஏறறவங்க இதைத்தான் போடறாங்களாம். வேர்வையை இழுத்து வெளிய விட்டுருமாம். நனைஞ்சாலும் மேலுக்குக் குளிராதாம். பாப்பா அனுப்பினது, சீட்டும் எழுதி வெச்சிருக்குது.”

பாப்பா. மூன்று ஆண்டுகளாக அந்தச் சொல் அவன் வாயில் வந்ததில்லை. சிந்துஜா அங்கேயே ஒருவனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு, முடிந்த பிறகுதான் தகவல் சொன்னாள். “எனக்குப் பொண்ணே இல்லை” என்று இவன் சொந்தபந்தம் அத்தனை பேரிடமும் சொல்லிவிட்டான். அன்றைக்கு அவனை உட்கார வைத்து ஒரு மணி நேரம் நான் உபதேசம் செய்தேன். என்ன உபதேசம் என்பது இப்போது அவசியமில்லை. இவன் மனைவி காலமாகிவிட்டவள். வேறு பிள்ளை கிடையாது. மூன்று ஆண்டுகளும் தனியாகச் சமைத்துத் தனியாகச் சாப்பிட்டான்.

அந்தச் சட்டையைத் தேய்த்துப் பார்த்தேன் ஐயா. பழக்கம் விடுமா? சாம்பல் நிறம். கைக்குட்டை கனம்கூட இல்லை. நூலில் பிசிறில்லை, தையலில் முடிச்சில்லை, தோள்பட்டையில் பை சுமந்தால் உறுத்தாதபடி தையலைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளி வைத்திருந்தான் அதைத் தைத்தவன். முப்பத்திரண்டு ஆண்டுகளில் எத்தனை லட்சம் பீஸ் பார்த்திருப்பேன்! குறை கண்டுபிடிக்க முடியாமல் என் விரல் நின்றது அந்த ஒரு சட்டையில்தான். அதை நான் அவனிடம் சொல்லவில்லை. “பரவாயில்லை” என்றேன்.

ஆறு நாள் அதையே போட்டுக்கொண்டு வந்தான். துவைக்கவில்லை. ஆறாம் நாள், வேர்த்து வழிய நடந்து முடித்த பிறகு, கையைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தான்.

“மோந்து பாருங்க மச்சான்.”

“சீ! தள்ளிப் போ, மாப்பிள்ளை.”

“ஒரே ஒருக்கா மோந்து பாருங்க. ஆறு நாளு வேர்வை. நாத்தம் வந்தா என் பேரை மாத்திக் கூப்புடுங்க.”

நாற்றம் இல்லை. குளத்துக் கரையில் இரண்டு கிழவர்கள் இப்படி நின்றதைப் பார்த்துப் பால்காரர் ஒருவர் சைக்கிளை நிறுத்திவிட்டார். அவ்வளவு சிரிப்பை அவன் முகத்தில் பார்த்து வெகு காலமாயிற்று. அன்றுதான் அவன் என்னிடம் சொன்னான்:

“கரடிச்சோலை மலை முகட்டுல இதைப் போட்டுட்டு நிக்கறேன். நீங்க ஒரு போட்டோ எடுத்துக் குடுங்க. அதைப் பாப்பாவுக்கு அனுப்பறேன். ஒரு எழுத்தும் எழுத மாட்டேன். போட்டோ மட்டும். அது புரிஞ்சுக்கும். அக்காகிட்ட இப்பச் சொல்லாதீங்க, ஊரெல்லாம் சொல்லிப்போடும்.”

அக்கா என்றது என் மனைவியை. நான் சொல்லவில்லை. ரகசியத்தைக் காப்பாற்றுவதில் நான் உறுதியானவன்.

இனி எங்கள் கழகத்தைப் பற்றி. கட்டிங் மாஸ்டர்கள், தையல்காரர்கள், என்னைப் போல் ஓய்வு பெற்றவர்கள், ஆக நாற்பது பேர். பருத்தியில் பிழைத்தவர்கள். ஆகவே மலை ஏறும்போது எங்கள் ஊர் நூலில் எங்கள் ஊர்க்காரர் பின்னிய வெள்ளைப் பருத்திச் சட்டைதான் அணிவது என்று ஒரு விதி வகுத்தேன். அடிவாரத்தில் எல்லோரும் கை நீட்டி உறுதிமொழி எடுப்போம். அதை எழுதியவன் நான். தவறான விதி என்று நீங்கள் சொல்ல முடியுமா? உண்ட சோற்றுக்கு நன்றி காட்டுவது தவறா? நாலு ஆண்டுகள் அந்த விதியோடு பதினோரு மலைகள் ஏறி இறங்கினோம். யாருக்கும் ஒரு தும்மல்கூட வந்ததில்லை.

சித்திரை இரண்டாம் ஞாயிறு. அடிவாரத்தில் வேனிலிருந்து இறங்கினோம். காலை ஏழு மணிக்கே வெயில் சுளீரென்றது. முப்பத்தொன்பது வெள்ளைச் சட்டை. ஒரு சாம்பல் சட்டை.

முதலில் யாரோ ஒருவர் பின்னாலிருந்து “மே…” என்றார். அடுத்தவர் “மே… மே…” என்றார். “ஏனுங்க செயலாளரே, மந்தையில ஒரு உருப்படி கூடுதலா நிக்குதுங்களே!” என்றார் ஒருவர். குழந்தைவேலும் சிரித்தான். “கத்துங்கடா, கத்துங்க. மேல போனாத் தெரியும் யாரு ஆடுன்னு” என்று திருப்பிக் கொடுத்தான். எல்லாம் விளையாட்டு. அதோடு போயிருக்கும்.

நான் கையை உயர்த்தினேன். கூட்டம் அமைதியாயிற்று. உறுதிமொழிக்கு முன்பு வழக்கமாக ஒரு சிறு கதை சொல்வேன். அன்று சொன்ன கதை இது: ஒரு மரம் இருந்தது. கோடை வந்தது. தன் இலை போதாது என்று அது பக்கத்துத் தோட்டத்து மரத்திடம் இலைகளை இரவல் வாங்கிச் சூடிக்கொண்டது. பார்த்தவர்கள் எல்லாம் வியந்தார்கள். பிறகு ஒரு காற்று வந்தது. சொந்த இலைகள் காம்பில் நின்றன. இரவல் இலைகள் ஒன்றுவிடாமல் பறந்துபோயின. இரவலை நம்பித் தன் துளிரை வளர்க்க மறந்த அந்த மரம், ஊர் பார்க்க மொட்டையாய் நின்றது.

அவ்வளவுதான் கதை. நான் யார் பெயரையும் சொல்லவில்லை. யாரையும் பார்க்கவில்லை. கழற்று என்ற சொல்லை நான் பயன்படுத்தவே இல்லை, ஐயா. அன்று என் குரல் நன்றாக இருந்தது. மலையில் மோதித் திரும்பி வந்தது. கைதட்டினார்கள்.

கைதட்டல் ஓய்ந்தபோது எல்லோரும் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் தரையைப் பார்த்தான். பிறகு தலைவழியாக அந்தச் சட்டையைக் கழற்றினான். அவனாகத்தான் கழற்றினான். ஐம்பத்தொன்பது வயது உடம்பு, விலா எலும்பு தெரிந்தது. யாரோ ஒரு வெள்ளைச் சட்டையை நீட்டினார்கள். மறுபடியும் கைதட்டல்.

என்னிடம் வந்து மெல்லிய குரலில், “அதைப் பையில வெச்சுக்கறனுங்க மச்சான். முகட்டுல போட்டோவுக்கு மட்டும் ஒரு நிமிசம் போட்டுக்கறேன்” என்றான்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? “பையில் இருந்தால் மனமும் பையில்தான் இருக்கும், மாப்பிள்ளை. எடுத்த உறுதிமொழியைப் பாதி மலையில் சோதிக்க வேண்டாம். வேனில் வைப்போம்” என்றேன். நல்ல வாக்கியம். அப்போதே அடுத்த கூட்டத்துக்குப் பயன்படும் என்று நினைத்தேன். அவன் சட்டையை நாலாக மடித்து என் கையில் கொடுத்தான். கடைசியாக அவன் எனக்குக் கொடுத்த பொருள் அது. வேனின் முன் இருக்கையில் வைத்துக் கதவைச் சாத்தினேன்.

வழிகாட்டியாக மலைக் கிராமத்திலிருந்து சடையன் என்பவர் வந்திருந்தார். அவர் என் பக்கத்தில் வந்து, “ஏனுங்க, அந்தச் சட்டையை அவரு கொண்டாரட்டுமே. இந்த மாசம் மத்தியானத்துக்கு மேல முகட்டுல கல்மழை வருமுங்க. பருத்தி நனைஞ்சா ஒட்டிப்பிடிச்சுக்கும், காயாது” என்றார். அவரே அந்த வெயிலில் ஒரு பழைய ஸ்வெட்டரை இடுப்பில் சுற்றிக்கொண்டுதான் நின்றார். “இது சட்டையைப் பற்றிய விஷயமில்லை, தம்பி” என்று அவருக்கு விளக்கினேன். அவர் முன்னால் நடக்கத் தொடங்கினார். படித்தவர்களிடம் அவர்கள் வாதாடுவதில்லை.

ஐயா, ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். நீங்கள் யாரையேனும் திருத்த விரும்பினால் சபையில் திருத்தாதீர்கள். தனியே அழையுங்கள். “ஏன் இதைப் போட்டிருக்கிறாய்?” என்று ஒரு கேள்வி கேளுங்கள். பதிலை முழுவதும் கேளுங்கள். எனக்குப் பதில் முன்கூட்டியே தெரிந்திருந்தது. தெரிந்தும் பேசினேன்.

ஒரு மணிக்கு முகட்டை அடைந்தோம். ஆறு மணி நேர ஏற்றத்தில் எல்லோர் சட்டையும் வேர்வையில் பிழிந்தெடுத்தாற்போல் இருந்தது. உட்கார்ந்து கட்டுச்சோற்றைப் பிரித்தபோது வானம் கறுத்தது. பிரித்த சோற்றில் முதல் ஆலங்கட்டி விழுந்தது. ஒதுங்க ஒரு பாறை இடுக்குத்தான். பாதிப் பேர் உள்ளே, பாதிப் பேர் வெளியே. அவன் மற்றவர்களுக்கு இடம் விட்டு வெளிப்புறம் நின்றான். மழையும் காற்றும் இரண்டு மணி நேரம் விடவில்லை. கீழே அனல் பறக்கும் அதே சித்திரையில், மேலே எங்களுக்குப் பல் கிட்டியது.

அவன் நடுங்கினான். நடுங்கிக்கொண்டே, “மச்சான், உங்க மரத்துல இப்ப எலை இருக்குதுங்களா?” என்று கேட்டான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதன்பின் அவன் பேச்சு குழறியது. பிறகு நடுக்கம் நின்றது. நான் மகிழ்ந்தேன், ஐயா. “பாருங்கள், மனம் வைத்தால் உடம்பு கேட்கும்” என்று பக்கத்திலிருந்தவர்களிடம் சொன்னேன். சடையன்தான் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தார். “அய்யோ, நடுக்கம் நிக்கக் கூடாதுங்க!” என்று கத்தினார். அந்த வெள்ளைச் சட்டையைக் கிழித்தெடுத்துவிட்டுத் தன் ஸ்வெட்டரை மாட்டினார். மார்போடு சேர்த்து அணைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

என் கழுத்தில் ஒரு கம்பளி மப்ளர் இருந்தது. என் மனைவி சுற்றி அனுப்பியது. மப்ளர் சட்டையன்று. ஆகவே அது விதிக்குள் வராது. அதை நான் கொடுத்தேன். கொடுக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. சற்றுத் தாமதமாகக் கொடுத்தேன்.

தூக்கிக்கொண்டு பாதி மலை இறங்குவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. வேனின் கதவைத் திறந்தபோது, முன் இருக்கையில் அந்தச் சட்டை வெயிலில் கிடந்ததால் இளஞ்சூடாக இருந்தது. இப்போது என் வீட்டு அலமாரியில் இருக்கிறது. திருப்பிக் கொடுக்கத் தகுந்த சந்தர்ப்பம் அமையவில்லை.

மூன்றாம் நாள் இரங்கல் கூட்டம். நான் பேச வேண்டும் என்றார்கள். பேச்சுக்கு ஒரு வடிவம் தேவை, ஐயா. செத்தவனுக்கு ஒரு உயரம் தேவை. “கடல் கடந்து வந்த ஆடையை ஒதுக்கிவிட்டு, பிறந்த மண்ணின் பருத்தியோடு போனவன் எங்கள் குழந்தைவேல்!” என்றேன். பெண்கள் அழுதார்கள். யாரோ அதைக் கைபேசியில் படம் பிடித்து அனுப்பிவிட்டார்கள். சிந்துஜா அங்கே அதைப் பார்த்தாள். அவளுடைய நியூஸிலாந்து விசா புதுப்பிப்பில் இருந்ததால் அவளால் அப்போது வர முடியவில்லை. தொலைபேசியில் என்னைக் கேட்டாள்: “அப்பா அந்தச் சட்டையை ஏனுங்க மாமா கழற்றினாங்க?”

“அவராகத்தான் கழற்றினார், அம்மா” என்றேன்.

அதில் ஒரு சொல் பொய்யா? சொல்லுங்கள். ஒரு சொல்லும் பொய்யில்லை.

“சரிங்க மாமா” என்றாள். அவ்வளவுதான். ஓராண்டாக அந்தச் “சரிங்க மாமா” என் காதில் இருக்கிறது. திருத்திவிடலாம் என்று பார்த்தேன். கழகத்தில் விதியை நீக்குவோம் என்று தீர்மானம் கொண்டுவந்தேன். “குழந்தைவேல் அண்ணன் உயிரைக் கொடுத்த விதிங்க இது, நீங்களே சொன்னீங்களே” என்று என் வாக்கியங்களையே எனக்குச் சொல்லித் தோற்கடித்தார்கள். அலுவலகச் சுவரில் வெள்ளைச் சட்டையோடு அவன் படம் மாட்டியிருக்கிறது. அடியில் என் வரிதான். இந்தச் சித்திரையிலும் நாற்பது பேர் பருத்திச் சட்டையோடு போய் வந்தார்கள். இந்த முறை மழை இல்லை. ஆகவே விதி சரி என்று ஆகிவிட்டது.

இன்று வருடத் திதி. அவள் வந்திருந்தாள். சடங்கு முடிந்து பந்திக்கு இலை போடும்போது எல்லோர் முன்னிலையிலும் என் அருகே வந்து உட்கார்ந்தாள்.

“மாமா, நாளைக்கு நான் இங்க இருக்க மாட்டேன். ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன். அப்பா அதை ஒரு நாளாவது ஆசைப்பட்டுப் போட்டாங்களா?”

எளிய கேள்வி. நான் தொண்டையைச் சரிசெய்துகொண்டு, “ஒரு ஆறு இருந்தது, அம்மா. அது கடலைத் தேடி…” என்று தொடங்கினேன்.

“கதை வேண்டாங்க மாமா. ஆமாவா, இல்லையா?”

சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் பார்த்தார்கள். அதே நாற்பது பேரில் பன்னிரண்டு பேராவது அங்கே இருந்தார்கள். “ஆமாம்” என்று சொன்னால் அடுத்த கேள்வி என்ன என்று எனக்குத் தெரியும். ஆசைப்பட்டுப் போட்டவர் பிறகு ஏன் கழற்றினார்? என்னைப் பற்றி ஊரில் ஒரு மதிப்பு இருக்கிறது. அது என் சொந்தச் சொத்தன்று. என் பேச்சைக் கேட்டுக் குடியை விட்டவர்கள் இருக்கிறார்கள், மனைவியோடு சேர்ந்து வாழ்பவர்கள் இருக்கிறார்கள். அதையெல்லாம் ஒரு சொல்லால் உடைக்க எனக்கு உரிமை உண்டா? “சோறு ஆறுது, முதலில் சாப்பிடும்மா” என்றேன்.

அவள் எழுந்து போய்விட்டாள். அழவில்லை. அழுதிருந்தால்கூடப் பேசியிருப்பேன். என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் கை கழுவப் போவதுபோல எழுந்து, வாசலைத் தாண்டி, பேருந்து நிலையத்துக்கு நடந்து, முதலில் புறப்பட்ட பேருந்தில் ஏறிவிட்டேன். கோபியில் எனக்கு யாரும் இல்லை, ஐயா. அங்கே எனக்கு ஒரு வேலையும் இல்லை.

மணி என்ன? நாலு அடித்துப் பத்து நிமிடமா? இன்னும் இருபது நிமிடம் அவள் வீட்டில்தான் இருப்பாள். கார் ஏறிவிட்டால் எடுக்க மாட்டாள். எடுத்தாலும் கேட்க மாட்டாள். வாழ்நாள் முழுவதும் வேறொருவராகவே தன் அப்பாவை நினைத்துக்கொண்டிருப்பாள். நான் இதுவரை ஒன்பது முறை எண்ணை அழுத்தினேன். ஒவ்வொரு முறையும் மணி அடிப்பதற்குள் என் வாயில் ஒரு முன்னுரை வந்துவிடுகிறது. உங்களுக்கு அந்த நோய் இல்லை. உங்கள் முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது.

இந்தாருங்கள், எண். உங்கள் கைபேசியில் போடுங்கள். இவ்வளவு சொன்னால் போதும்: “உங்கள் அப்பா அந்தச் சட்டையை ஆறு நாள் கழற்றவே இல்லை. முகட்டில் அதைப் போட்டுப் படம் எடுத்து உங்களுக்கு அனுப்ப இருந்தார். உங்களைப் பாப்பா என்றுதான் சொன்னார்.” யார் சொன்னது என்று கேட்பாள். ஒரு பயணி சொன்னார் என்று சொல்லுங்கள். இல்லை, என் பெயரையே சொல்லிவிடுங்கள். இல்லை… அது உங்கள் விருப்பம், ஐயா. நாளைக்கு என்று வைத்துவிடாதீர்கள், ஊர் போய்ச் சேர்ந்த பிறகு என்று வைத்துவிடாதீர்கள், இன்றே, நம்பியூர் வருவதற்குள்ளாகவே. மணி அடிக்கிறதா? எடுத்துவிட்டாளா? என்னிடம் நீட்டாதீர்கள், ஐயா, என்னிடம் கொடுத்தால் நான் பேச ஆரம்பித்துவிடுவேன். நீங்களே சொல்லுங்கள். இப்போதே சொல்லுங்கள்.